முனியப்பனுக்கு வைத்த சுருட்டு

நவநீதன் எந்தச் சுருட்டையும் பாதிக்கு மேல் பிடித்ததில்லை. பாதியிலேயே தூக்கிப் போட்டுவிடுவான். அதுதான் அவனுடைய பவுசு. கியூபாவிலிருந்து துபாய் போய், அங்கிருந்து பெங்களூர் வழியாகத் தர்மபுரி வந்து சேர்ந்த சுருட்டை வத்தல்மலை மண்ணில் போட்டுச் செருப்பால் நசுக்குவான். அப்போது அவன் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் அன்பரசிக்கு வயிறு எரியும்.

இன்றைக்கு அவன் அப்படிப் போடக் கூடாது. சுருட்டின் அடிப்பக்கம் சுற்றியிருக்கும் தங்க நிறக் காகிதப் பட்டை வரைக்கும் பிடிக்க வேண்டும். பிடித்து, அந்தப் பட்டையைத் தன் கையாலேயே உரிக்க வேண்டும். அதற்காகத்தான் அவள் காலையிலிருந்து புளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

மலைமேல் பிரியதர்ஷினி நடத்தும் தங்கும் விடுதியில் அன்பரசிக்குச் சமையல் வேலை. பெங்களூரில் படித்துவிட்டு வந்த பெண் பிரியதர்ஷினி. காப்பிச் செடிகளுக்கு நடுவே நாலு அறையைக் கட்டி, வருகிறவர்களுக்குக் களியும் நாட்டுக்கோழியும் போட்டு, அதைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் ஏற்றுவாள். பாட்டிலை வருகிறவர்களே கொண்டு வந்துவிடுவார்கள். அதில் என்ன கலப்பது என்பதை மட்டும் அன்பரசி பார்த்துக்கொள்வாள். அவள் கலக்கும் ரம்முக்கு ‘மலைப்புளி’ என்று பேர் வைத்ததும் பிரியதர்ஷினிதான்.

அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. பழம்புளியைக் கரைத்து வடிகட்ட வேண்டும். பாலக்கோட்டு வெல்லத்தைப் பாகு காய்ச்சி ஊற்ற வேண்டும். சுக்கு, நாலு மிளகு, ஒரு கல் உப்பு, எலுமிச்சை. கடைசியில் ரம். ரம் ஊற்றும்வரை வாயில் விட்டுப் பார்ப்பாள். ஊற்றிய பிறகு நாக்கில் படவிட மாட்டாள். சுருட்டுப் பிடிக்கிறவனுக்கு வாய் வறண்டுபோகும், கசக்கும். அந்த நேரத்தில் முதலில் புளிப்பும் அடுத்து வெல்லமும் வந்தால் அடுத்த இழுப்புக்கு வாய் தானாகவே ஏங்கும். புதுப்புளி போட்டால் புகையோடு சண்டை போடும். கறுத்துப்போன பழம்புளியாக இருந்தால் இரண்டும் ராசியாகிவிடும். வந்து போன விருந்தாளிகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவள் பிடித்துக்கொண்ட பக்குவம் அது.

ஆனால் அந்த ரம்மின் வாசனையை அவள் விடுதிக்கு வந்து பழகவில்லை. தர்மபுரி ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் பழகினாள்.

அவள் புருசன் மாதேஸ்வரன், நவநீதனின் மாங்கூழ் ஆலையில் கார் டிரைவர். மகள் கவிப்பிரியா பிறந்த அன்றைக்கு, மலையடிவாரத்து முனியப்பன் முன்னால் போய், இனிமேல் குடிப்பதில்லை என்று சத்தியம் பண்ணிவிட்டு வந்தவன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரு நாள் சேலத்துக் கல்யாணத்துக்கு முதலாளியைக் கூட்டிக்கொண்டு போனான். தொப்பூர்க் கணவாய்க்கு முன்னால் ஒரு ஓட்டல் வாசலில் இருந்து போன் பண்ணினான்.

“மொதலாளி நல்லா போட்டுட்டாரு. சொல்லச் சொல்லச் சாவியப் புடுங்கிக்கிட்டாரு. நான் பக்கத்துலதான் உக்காந்து போறேன். நீ சாப்புட்டுப் படு.”

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. இறக்கத்தில் கார் நின்றிருந்த லாரியில் போய்ச் செருகியது. இடப்பக்கம் அப்பளமாக நொறுங்கியது. நவநீதன் கைச்சிராய்ப்போடு இறங்கினான். பின்னால் இன்னொரு காரில் வந்த அவன் ஆட்கள், போலீஸ் வருவதற்குள் மாதேஸ்வரனைத் தூக்கி வலப்பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள். சட்டையில் ரம்மையும் ஊற்றினார்கள். குடித்துவிட்டு ஓட்டியவன் செத்தான், முதலாளி தெய்வாதீனமாகப் பிழைத்தார் என்று கேஸ் முடிந்துபோனது. அன்பரசி போன் விசயத்தைச் சொன்னாள். கேட்டவர்கள் எல்லாம் பாவம் என்று உச்சுக்கொட்டினார்கள். நம்பியவர் ஒருவருமில்லை.

போகட்டும் என்று அதையும் விழுங்கியிருப்பாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கவிப்பிரியாவைச் ‘சரக்கு மவ’ என்று கூப்பிடுகிறார்கள். அதை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை. அந்தப் பேரைத் துடைக்க வேண்டும். பேரை ஒட்டியவன் வாயாலேயே துடைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நவநீதனுக்கு மனச்சாட்சி இருந்ததா என்று கேட்டால், இல்லை. பயம் இருந்தது. விபத்து நடந்த அடுத்த வருசமே முனியப்பனுக்குப் பழைய சிலையை எடுத்துவிட்டு, பனை உயரத்துக்குப் புதுச்சிலை வைத்தான். உருட்டு விழி, முறுக்கு மீசை, கையில் வெட்டரிவாள். அன்றிலிருந்து மலை ஏறும்போதெல்லாம் காரை நிறுத்தி, தான் பிடிக்கிற அதே சுருட்டில் ஒன்றைச் சாமி காலடியில் வைப்பான். மற்றவர்கள் கடைச் சுருட்டும் குவார்ட்டரும் வைக்கிற இடத்தில் இவனுடையது மட்டும் தங்கப்பட்டை போட்டுப் படுத்திருக்கும். பூசாரி அதற்கும் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, விபூதி கொடுத்து அனுப்புவார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. முனியப்பனுக்கு வைத்ததை யாரும் திரும்ப எடுப்பதில்லை. மழையில் ஊறி மண்ணாகப் போனாலும் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். எடுத்து வாயில் வைத்தவன், அந்த வாயோடு பொய்யும் பேசினால், ரத்தம் கக்கிச் சாவான். அடிவாரத்தில் பிறந்த எவருக்கும் இது பால்குடி மறக்கும் முன்பே தெரியும். நவநீதனும் அடிவாரத்தில் பிறந்தவன்தான். கோட்டு போட்டால் என்ன, குளிர்கண்ணாடி போட்டால் என்ன, உள்ளே இருப்பது அதே பையன்தானே.

அன்றைக்கு மதியம் அவன் ஓசூரிலிருந்து வந்த வீரமணியைக் காரில் ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்தான். வீரமணியின் மகனுக்குத் தன் மகளைக் கொடுப்பதாகப் பேச்சு. வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு முன்னால் சம்பந்தியைக் குளிர்விக்க வேண்டுமல்லவா, அதற்குத்தான் இந்த விருந்து. வரும் வழியில் சாமிக்குச் சுருட்டும் வைத்துவிட்டு வந்திருந்தான். மிச்சச் சுருட்டுகளை மரப்பெட்டியோடு பிரியதர்ஷினியிடம் கொடுத்தான்.

“மலைப்புளியும் சுருட்டும் ஜோடியா வெச்சு ஒரு வீடியோ எடும்மா. நம்ம மூஞ்சியும் நாலு பேருக்குத் தெரியட்டும்.”

“ஷ்யூர் சார்” என்றாள் பிரியதர்ஷினி. அவளுக்கு வீடியோ என்றால் போதும்.

அன்பரசி எலுமிச்சையும் ஐஸும் வாங்கி வருவதாகச் சொல்லி மொபெட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். முனியப்பன் கோயிலில் பூசாரி இல்லை. வெயிலில் ஒரு நாய் படுத்திருந்தது. வாழையிலைத் துண்டில், சாமியின் கட்டைவிரலுக்குப் பக்கத்தில், அந்தச் சுருட்டு சந்தனமும் குங்குமமுமாகக் கிடந்தது. பூவைத்து உத்தரவு கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கேட்டு, சாமி வேண்டாமென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதனால் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினாள். சுற்றிலும் பார்த்தாள். கையை நீட்டினாள்.

*

பொழுது சாய்கிற நேரத்தில் வெளி முற்றத்தில் நாற்காலி போட்டார்கள். கீழே அடிவாரம் மஞ்சளாகத் தெரிந்தது. பிரியதர்ஷினி போனை ஒரு தாங்கியில் நிறுத்தி ஓடவிட்டாள். அன்பரசி தட்டில் இரண்டு சுருட்டை வைத்து, நுனியை நறுக்கி, ஒன்றை வீரமணிக்கும் ஒன்றை நவநீதனுக்கும் கொடுத்தாள்.

முதல் கிளாஸ் போனது. நவநீதன் ஒரு வாய் குடித்தான். ஒரு இழுப்பு இழுத்தான். கண்ணை மூடினான்.

“சம்பந்தி, இதக் குடிச்சிட்டு இழுங்க. அப்புறம் சொல்லுங்க.”

“நல்லாத்தாங்க இருக்குது” என்றார் வீரமணி. அவர் அளந்து பேசுகிறவர்.

அன்பரசி சமையலறை வாசலில் நின்று சுருட்டின் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால்வாசி எரிந்தது. நவநீதன் கிளாஸை வைத்துவிட்டு ஏதோ ஆலைக்கதை பேச ஆரம்பித்தான். சுருட்டு விரலிடுக்கில் சும்மா புகைந்தது. பாதியை நெருங்கியது. அவன் வழக்கம்போல அதை உருட்டிப் பார்த்து, கீழே போடுவதற்கு இடம் தேடினான். அவள் ஓடினாள் என்றே சொல்ல வேண்டும்.

“மொதலாளி, ரெண்டாவது கிளாஸ் வேற பக்குவங்க. அந்தச் சுருட்டோடவே குடிச்சாத்தான் ருசி தெரியும். புதுசா பத்த வெச்சீங்கன்னா கெட்டுப்போயிரும்.”

“அப்பிடியா? கொண்டா.”

இரண்டாவது கிளாஸில் புளியைக் குறைத்து, செம்பருத்தி இதழைக் கொதிக்க வைத்த சாற்றை ஊற்றியிருந்தாள். எலுமிச்சை பட்டதும் அது ரத்தச் சிவப்பாக மாறிவிடும். நவநீதன் குடித்தான். மறுபடி சுருட்டை வாயில் வைத்தான். அவன் விடமாட்டான் என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. புளிப்பு போய் வெல்லம் வருகிற இடத்தில் ஆளைப் பிடித்து வைத்தாயிற்று.

“நல்ல கைப்பக்குவம்” என்றார் வீரமணி. “யாருங்க இந்தப் பொண்ணு?”

நவநீதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். தன் பெருமையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா?

“நம்ம டிரைவர் சம்சாரம்ங்க. அவன் குடிகாரப் பய. என்னைய வெச்சுக்கிட்டே தொப்பூர் எறக்கத்துல வண்டிய லாரில கொண்டுபோய் உட்டுட்டான். நான் பொழச்சதே முனியப்பன் புண்ணியம். மூச்சு நின்னப்பக்கூட அவன் சட்ட பூரா சரக்கு நாத்தம். வேற ஆளா இருந்தா இந்தக் குடும்பத்த ஏறெடுத்தும் பாப்பானா? நான்தான் மேடத்துகிட்டச் சொல்லி இங்க வேல வாங்கிக் குடுத்தேன். ஏம்மா, உண்மையா இல்லயா?”

அவள் பக்கத்தில்தான் நின்றாள். கையில் தட்டு இருந்தது. அந்தத் தட்டால் அவன் வாயிலேயே ஒரு போடு போடலாம் என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“நீங்க சொன்னாச் சரிதாங்க மொதலாளி” என்றாள்.

இழுத்த இழுப்பில் நெருப்பு பட்டைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சூட்டில் பசை இளகி, காகிதம் லேசாக நழுவியது. சுருட்டுப் பிடிக்கத் தெரிந்தவன் என்ன செய்வானோ அதையே அவனும் செய்தான். கட்டைவிரல் நகத்தால் பட்டையைக் கிளப்பி, சுழற்றி உரித்தான்.

அடியில் காசு அகலத்துக்கு மஞ்சளாகச் சந்தனம். அதன் நடுவில் குங்குமப் பொட்டு.

நவநீதனுக்கு உடனே விளங்கவில்லை. விரலால் தேய்த்துப் பார்த்தான். விரல் சிவந்தது. முகர்ந்தான். பிறகு மெல்லத் தலையைத் தூக்கி அன்பரசியைப் பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போவது அந்த மங்கல் வெளிச்சத்திலும் தெரிந்தது.

“இது... இது யாரு...”

“அது யாருக்கு வெச்சதுங்க மொதலாளி?” என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

“யாரு எடுத்தா? யாருடி எடுத்தா?”

“யாரு எடுத்தா என்னங்க. இப்ப உங்க வாயிலதான் இருந்துச்சு. அந்த வாயில என்ன பேசுனீங்கன்னு நெனச்சுப் பாத்துக்குங்க.”

வீரமணிக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னங்க ஆச்சு?” என்று எழுந்தார். நவநீதன் பதில் சொல்லப் போனான். கையில் இருந்த சுருட்டின் புகை தொண்டைக்குள் இறங்கிவிட்டது. இருமினான். இருமலை அடக்க, கையில் இருந்த கிளாஸை அண்ணாந்து ஊற்றினான். அதுவும் ஏறுமாறாகப் போனது. குடலே வெளியே வந்துவிடும்போல இருமி, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை வாயில் வைத்து அழுத்தி, எடுத்துப் பார்த்தான்.

துண்டு சிவப்பாக இருந்தது.

ஒரு ஆண்பிள்ளை அப்படிக் கத்துவானா என்று பிரியதர்ஷினி பிறகு ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. நவநீதன் முற்றத்தின் ஓரத்துக்கு ஓடி, அடிவாரத்தைப் பார்த்து மண்டி போட்டான். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினான்.

“சாமி! தெரியாம வாயில வெச்சுட்டேன் சாமி!”

“தெரியாம வெச்சதுக்கு சாமி ஒண்ணும் பண்ணாதுங்க” என்றாள் அன்பரசி. அவன் பின்னாலேயே போய் நின்றுகொண்டிருந்தாள். “தெரிஞ்சு பேசுனதுக்குத்தான்.”

“என்ன பண்ணணும்? என்ன பண்ணணும்னு சொல்லு. உன் புள்ளையப் படிக்க வெக்கறேன். ஆலையில உனக்கு...”

“எனக்கு ஒண்ணும் வேண்டாங்க. பேசுனதத் திருப்பிப் பேசுங்க.”

அவன் வீரமணியைத் திரும்பிப் பார்த்தான். தாங்கியில் நிற்கும் போனைப் பார்த்தான். கையில் இருந்த துண்டைப் பார்த்தான். மூன்றில் எது பெரிது என்று கணக்குப் போட அவனுக்கு நேரம் பிடிக்கவில்லை.

“நாந்தான் ஓட்டுனேன்” என்றான்.

“சத்தமாச் சொல்லுங்க. கீழ வரைக்கும் கேக்கணும்.”

“நாந்தான் ஓட்டுனேன் சாமி! மாதேசு வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னான். நாந்தான் சாவியப் புடுங்குனேன். அவன் குடிக்கல. சட்டையில ஊத்தச் சொன்னது நாந்தான். தூக்கி அந்தப் பக்கம் வெக்கச் சொன்னதும் நாந்தான். என்னைய உட்ரு சாமி!”

பிரியதர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டு நின்றவள், போனை நிறுத்தப் போவதுபோலக் கையைக் கொண்டுபோனாள்.

“மேடம், அத நிறுத்திராதீங்க” என்றாள் அன்பரசி. “உங்க கால்ல வேணா விழறேன்.”

பிரியதர்ஷினி கையை எடுத்துவிட்டாள்.

வீரமணி பாதி எரிந்த தன் சுருட்டைச் சாம்பல் கிண்ணத்தில் வைத்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டார். “பொண்ணு விசயம் அப்புறமா பேசிக்கலாங்க” என்றார். சம்பந்தி என்று கூப்பிடவில்லை. அந்த ‘அப்புறமா’ வரவே வராது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மண்டி போட்டிருந்தவனுக்கு மட்டும் அது காதில் விழவில்லை.

“இப்ப உட்ருமா?” என்று அவன் அன்பரசியிடம் கேட்டான். மூக்கு ஒழுகியது. “சொல்லிட்டேனில்ல? சாமி உட்ருமா?”

“அது எனக்கு எப்பிடிங்க தெரியும்? இருமல் வருதான்னு பாத்துக்குங்க” என்றாள்.

*

அன்றிரவு பிரியதர்ஷினி அனுப்பிக் கொடுத்த வீடியோவைக் கவிப்பிரியா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ‘அவன் குடிக்கல’ என்கிற இடம் வந்ததும் நிறுத்துவாள். மறுபடி போடுவாள். “அம்மா, இத எங்க கிளாஸ் குரூப்புல போட்டுடட்டுமா?” என்று கேட்டாள். “போடு கண்ணு. ஊருக்கே போடு” என்றாள் அன்பரசி. விடிவதற்குள் அது அடிவாரம் தாண்டி, தர்மபுரி தாண்டி, அரூர் வரைக்கும் போய்விட்டது. காலையில் நவநீதனின் ஆலை வாசலில் போலீஸ் ஜீப் நின்றதாகப் பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் செய்தியைக் கேட்டு அன்பரசிக்கு மனசு குளிர்ந்தது. குளிர்ந்ததை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

வேலைக்குப் போகும் வழியில் முனியப்பன் முன்னால் மொபெட்டை நிறுத்தினாள்.

நவநீதன் வைத்த சுருட்டு வாழையிலைத் துண்டில் அப்படியே கிடந்தது. எறும்பு ஏறியிருந்தது. தங்கப்பட்டை பனியில் நனைந்து சுருங்கியிருந்தது.

நேற்று மதியம் இங்கே நீட்டிய கையை அவள் பாதியிலேயே மடக்கிக்கொண்டிருந்தாள். சாமிக்கு வைத்ததைத் தொட அவளுக்கும் பயம்தான். அவளும் அடிவாரத்தில் பிறந்தவள்தானே. நேற்று வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போய், பெட்டியின் அடியில் புடவைக்குள் சுருட்டி வைத்திருந்த மரச்சிமிழை எடுத்துக்கொண்டு மலையேறினாள். மாதேஸ்வரன் மேச்சேரித் தேருக்குப் போனபோது வாங்கிக் கொடுத்த சிமிழ். காரியத்தன்று அவள் நெற்றியை அழித்த பிறகு அதைத் திறந்ததில்லை. விடுதிச் சமையலறையில் நவநீதனின் பெட்டியிலிருந்தே ஒரு சுருட்டை எடுத்து, பட்டையை மெல்ல நகர்த்தி, சாமி மாடத்துச் சந்தனத்தைத் தொட்டு வைத்தாள். அதன்மேல் தன் குங்குமத்தை வைத்தாள். பட்டையை மறுபடி நகர்த்தி மூடினாள். அவ்வளவுதான் செய்தாள்.

“உன்னுதத் தொடல சாமி” என்றாள் இப்போது சிலையைப் பார்த்து. “உன் பேரத்தான் சொல்லிக்கிட்டேன். அதக்கூட நான் சொல்லல. அவனாத்தான் சொல்லிக்கிட்டான்.”



இதை நவநீதனிடம் சொல்லும் உத்தேசம் அவளுக்கு இல்லை. கேஸ் நடக்கட்டும், ஜாமீனில் வரட்டும், வயசாகி நரைக்கட்டும். ஒவ்வொரு தடவை இருமும்போதும் அவன் துண்டை எடுத்துப் பார்க்க வேண்டும். சிமிழை மடியில் செருகிக்கொண்டு மொபெட்டை உதைத்தாள். மலையில் பிரியதர்ஷினி காத்திருப்பாள், மதியத்துக்கு ஆட்கள் வருகிறார்கள், புளி ஊறப்போட வேண்டும்.